தோட்டாக் கூட்டின் வரலாறு

துப்பாக்கியின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். குழலின் நீளத்தையும், குண்டின் வேகத்தையும், குறியின் தொலைவையும் கணக்கிட்டு அவர்கள் நூல்கள் எழுதினர். ஆனால் குண்டையும் மருந்தையும் தன்னுள் அடக்கி நின்று, வெடி தீர்ந்த மறுகணமே வெறுங்கூடாகித் தரையில் உதிரும் பித்தளைக் கூட்டினை நினைத்தோர் மிகச் சிலரே. அந்தக் கூட்டின் வரலாற்றைத்தான் நாம் இங்குச் சிறிது காண விழைகிறோம்.

இஃது அயல்நாட்டாரின் படைக்கலக் கதை என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழகத்தை விட்டு வந்து கொல்கத்தாவிலும் புணேயிலும் குடியேறியிருப்போர் இவ்வரலாறு நிகழ்ந்த இடங்களின் அருகிலேயே வாழ்கின்றனர். கொல்கத்தாவின் விமான நிலையம் அமைந்துள்ள டம்டம் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம். பின்னர் அங்கே தோட்டாத் தொழிற்சாலை நடந்தது. புணேயை அடுத்த கட்கியில் 1869ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது. நம் நீலகிரியின் அருவங்காட்டிலோ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பெற்ற கார்டைட் ஆலை அத்தோட்டாக்களுக்கு வேண்டிய மருந்தைச் செய்தது. ஆகவே கூடு ஓரிடம், மருந்து ஓரிடம் என, இந்திய மண்ணின் பல மூலைகள் ஒரு விரல் நீளப் பொருளில் வந்து கூடின எனலாம்.

முதலில் இக்கூடு செய்யும் வேலை யாது என்று தெளிவோம். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த ஒன்று. முன்னே குண்டு, உள்ளே மருந்து, அடியில், அடிபட்டால் தீப்பொறி எழுப்பும் கேப்பு, இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கூடு. மருந்து பற்றியவுடன் எழும் வாயு குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதே வாயு பின்னோக்கியும் பாயத் துடிக்கிறது. பின்னால் இருப்பதோ சுடுகிறவனின் முகம். அவ்வேளையில் பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு இறுக ஒட்டி, வாயுவுக்கு வழியின்றி அடைத்துவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. விட்டால்தான் அதை இழுத்தெறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை இட முடியும். விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். கிழியவும் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது. இமைப்பொழுதில் இத்தனையையும் செய்து முடிக்கிற உலோகத்தைத் தேடியதே இந்தக் கூட்டின் வரலாறு.

பித்தளைக்கு முன்னர் இருந்தது காகிதம். 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு அளந்த மருந்தும் குண்டும் காகிதச் சுருளில் பொதிந்து வந்தன. சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டைச் செலுத்திக் கோலால் இடித்தான். குண்டு எளிதில் இறங்கும்பொருட்டுக் காகிதத்தின் மேல் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற செய்தி 1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் டம்டமில்தான் முதலில் எழுந்தது. புதிய துப்பாக்கியில் பயிற்சி அளித்த மூன்று நிலையங்களுள் டம்டம் ஒன்று. மற்றவை அம்பாலாவும் சியால்கோட்டும். கையால் கிழித்துக்கொள்ளலாம் என்று பயிற்சி முறை பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் போன நம்பிக்கை திரும்பவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரத்தில் குதிரைப்படையினர் 90 பேர் முன் தோட்டாக்கள் நீட்டப்பட்டபோது 85 பேர் தொட மறுத்தனர். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. எனினும் அவர்கள் தொடவில்லை. மே 10ஆம் நாள் கிளர்ச்சி மூண்டது. அந்தப் பெருங்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. நிலமும், வரியும், பறிபோன அரசுகளும் அவற்றுள் அடங்கும். ஆயினும் அதற்குத் திரியாக அமைந்தது தோட்டாவின் மேலுறை என்பதை மறுப்பாரில்லை. செய்கிறவன் ஒருவன், வாயில் வைக்கிறவன் வேறொருவன். இருவருக்குமிடையே நம்பிக்கை அறுந்தால் காகிதச் சுருளும் பேரரசை அசைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பத்தாண்டுகள் செல்வதற்குள் அந்தக் காகிதத் தோட்டா மறைந்தது. அதை மறைத்தது சிப்பாயின் மனக்குறையன்று; போர்க்கலையின் போக்கே. வாய்வழி இடிக்கும் துப்பாக்கியை விடப் பின்வழி இடும் துப்பாக்கி பன்மடங்கு விரைவாகச் சுடும் என்பதை 1866ஆம் ஆண்டுப் பிரஷ்ய-ஆஸ்திரியப் போர் ஐரோப்பாவுக்குக் காட்டிற்று. கைவசம் இருந்த என்ஃபீல்டு துப்பாக்கிகளை எறிந்துவிட மனமின்றி, ஆங்கில அரசு அவற்றின் பின்புறத்தை அறுத்து, அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடர் வகுத்த கதவு போன்ற அமைப்பைப் பொருத்தியது. அந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டாவை வுல்லிச் அரசுத் தொழிற்கூடத்தின் தலைவரான கர்னல் எட்வர்டு பாக்சர் வகுத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டை வைத்து இணைத்தார். வெடிக்கும்போது சுருள் சற்றே அவிழ்ந்து அறையை அடைத்தது. பித்தளைக் கூடு ஆங்கிலப் படையிடம் வந்து சேர்ந்தது இவ்வாறே.

இங்கே வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. அடியில் பொருத்தும் கேப்பில் இருவகை அமைப்புகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. ஒன்று ஆங்கிலேயரான பாக்சருடையது. மற்றொன்று அமெரிக்கரான ஹைரம் பெர்டனுடையது. காலப்போக்கில் ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டன. பாக்சரின் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. சுட்டு முடிந்தபின் ஊசி போன்ற கோலை உள்ளே விட்டுப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். கூட்டை மறுபடியும் பயன்படுத்தலாம். பெர்டனின் முறையில் இரு சிறு துளைகள் ஓரமாக அமைவதால் அது எளிதன்று. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டினால்தான், வழக்கொழிந்த தோட்டாவை மீண்டும் உண்டாக்கும் கலை பின்னாளில் அமெரிக்காவில் தழைத்தது.

1871ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை மார்ட்டினி-ஹென்றி என்ற புதிய துப்பாக்கியை ஏற்றது. அதன் தோட்டாவுக்கு 577/450 என்று பெயர். பெயரிலேயே அதன் பிறப்பு விளங்குகிறது. ஸ்னைடரின் 0.577 அங்குலக் கூட்டை நீட்டி, அதன் கழுத்தை 0.450 அங்குலக் குண்டுக்கேற்ப ஒடுக்கிச் செய்தது அது. ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டைப் பிறப்பிக்கும் வழக்கம் இவ்வளவு பழையது. இந்தியப் படையினருக்கோ புதிய கருவி உடனே கிட்டவில்லை. 1857இன் நினைவு ஆள்வோர் நெஞ்சில் அகலாததால், ஆங்கிலச் சிப்பாய் மார்ட்டினியை ஏந்தியபோது இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர். அவன் அடுத்த துப்பாக்கிக்குச் சென்றபோது இவனுக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி பின்னேதான் இவனை நிறுத்தி வைத்தனர்.

சுருள் கூட்டின் குறை பாலைவனத்தில் வெளிப்பட்டது. 1885ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் சூடான் நாட்டில் அபு கிளியா என்னும் இடத்தில் நடந்த போரில், வெப்பத்தாலும் புழுதியாலும் மார்ட்டினியின் மெல்லிய கூடுகள் அறையினுள் ஒட்டிக்கொண்டன. இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. சுருள் உள்ளேயே தங்கிற்று. எதிரி கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்ட நேரத்தில் துப்பாக்கி வெறுங்கழியாகிப் போனால் அதை ஏந்தியவன் கதி யாது? அதன்பின் சுருட்டிய கூடு கைவிடப்பட்டு, ஒரே பித்தளையில் இழுத்துச் செய்த கூடு அதன் இடத்தைப் பிடித்தது. இன்று வரை உலகெங்கும் வழங்குவது அவ்வகையே.

இழுத்துச் செய்தல் என்பதை நேயர்களுக்கு விளக்க நாம் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளின் பின்புறம், கன்னார் ஒருவர் பித்தளைத் தகட்டைக் குடமாக அடிப்பதைக் கண்டவர் நம்மில் இருக்கலாம். அடிக்க அடிக்கத் தகடு இறுகும். இறுகியபின்னும் அடித்தால் பிளந்துவிடும். ஆகவே நடுநடுவே அதைப் பழுக்கக் காய்ச்சி ஆற்றுவார், மீண்டும் அது குழையும், மீண்டும் அடிப்பார். தோட்டாத் தொழிற்சாலையில் சுத்தியலின் இடத்தில் எந்திரம் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து காசு போன்ற வில்லைகளை வெட்டுகின்றனர். வில்லையை அச்சில் அழுத்திக் கிண்ணம் ஆக்குகின்றனர். கிண்ணத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துவரும் அச்சுகளின் வழியே இழுத்து நீண்ட குழாய் ஆக்குகின்றனர். ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே காய்ச்சி ஆற்றி, அமிலத்தில் கழுவி, கருக்கை நீக்குகின்றனர். பிறகு அடியை நசுக்கி விளிம்பும் கேப்புக் குழியும் அமைத்து, வாய்ப்புறத்தை ஒடுக்கிக் கழுத்தாக்குகின்றனர். முடிவில் கூட்டின் அடி கெட்டியாகவும் கழுத்து மென்மையாகவும் இருக்க வேண்டும். அடி மென்மையானால் வாயு பிளந்துகொண்டு வெளிவரும். கழுத்து கெட்டியானால் வெடித்து விரியும். ஒரே பித்தளைத் துண்டில் இருவேறு பதங்கள். கூட்டின் நுட்பமெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

1888ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை 0.303 அங்குலத் தோட்டாவை ஏற்றது. தொடக்கத்தில் கரிமருந்தும், சில ஆண்டுகளில் புகையற்ற கார்டைட்டும் அதில் இடப்பட்டன. இழுத்துச் செய்த பித்தளைக் கூடு இல்லையேல் கார்டைட்டின் அழுத்தத்தைத் தாங்கியிருக்க முடியாது. இந்தத் தோட்டாவுக்கென டம்டமில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் முனை திறந்த குண்டு ஒன்றை 1890களின் நடுப்பகுதியில் வகுத்தார். உடலில் பட்டதும் மலர்ந்து கொடிய புண் செய்யும் இயல்புடையது அது. உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் நகரப் பிரகடனம் விலக்கியது. ஆயினும் உலக மொழிகள் பலவற்றில் டம்டம் என்ற வங்காளச் சிற்றூரின் பெயர் அக்குண்டின் பெயராகவே தங்கிவிட்டது. குண்டுக்குக் கிடைத்த இகழும் புகழும் கூட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கூட்டுக்கும் இந்திய மண்ணில் ஒரு சோதனை காத்திருந்தது.

அச்சோதனை மழைக்காலத்தில் வந்தது. பருவமழை தொடங்கிவிட்டால் வட இந்தியாவில் படைநடவடிக்கைகள் ஓயும். தோட்டாக்களை நனையாத இடத்தில் வைக்க வேண்டும். நனையாத இடங்களுள் குதிரை லாயமும் ஒன்று. மழை ஓய்ந்து தோட்டாக்களை எடுத்துப் பார்த்தபோது, எவரும் சுடாத, எவரும் தொடாத கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருக்கக் கண்டனர். குண்டை இறுகப் பிடிக்கும்பொருட்டு வாயை நெரித்திருந்த இடத்திலேயே அவ்வெடிப்புகள் மிகுதி. பித்தளையில் கலப்படம் என்று சிலர் ஐயுற்றனர். ஆனால் அதே பித்தளை வேறிடங்களில் பழுதின்றி இருந்தது. இந்நோயைப் பருவ வெடிப்பு என்று தமிழில் நாம் சொல்லலாம்.

இதன் காரணத்தை 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் தெளிவாக விளக்கினர். அவர்களுள் மாலின்சன் ஒரு பெண்மணி. அவர்கள் கண்டது இது: குதிரையின் சிறுநீரும் சாணமும் அழுகுவதால் அம்மோனியா என்னும் வாயு எழுகிறது. ஈரக்காற்றில் கலந்து அது பித்தளையின் மேல் படிகிறது. செம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆனால் அதனால் மட்டும் கூடு பிளப்பதில்லை. பித்தளையினுள்ளே ஏற்கெனவே இழுவிசை தங்கியிருந்தால்தான், உலோகப் படிகங்களின் எல்லைக்கோடுகள் வழியே வெடிப்பு ஊடுருவிச் செல்கிறது. அச்சில் அழுத்தியபோதும் வாயை நெரித்தபோதும் ஏற்றிய விசை, வெளிக்குத் தெரியாமல் உலோகத்துக்குள் தங்கிவிடுகிறது. மாதங்கள் சென்றபின், ஏற்ற காற்றுப் பட்டவுடன், அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைத் தூவும்போது மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று எழுமே, அந்த நெடியில் இருப்பதும் இதே அம்மோனியாதான். நம் வீட்டு முற்றத்தில் பழகிய நெடி லாயத்தில் தோட்டாவை உடைத்தது என்றால் வியப்பாக இல்லையா?

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. செய்து முடித்த பித்தளையை, அதன் கெட்டித்தன்மை போய்விடாத அளவுக்குக் குறைந்த சூட்டில் சிறிது நேரம் காய்ச்சி எடுத்தால் உள்விசை தணிந்துவிடுகிறது. கூட்டின் கழுத்தையும் தனியே காய்ச்சிப் பதமாக்க வேண்டும். இன்றும் படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் படிந்திருக்கக் காணலாம். அஃது அழுக்கன்று, தீ பட்டதன் அடையாளம். அதைத் துடைக்காமல் விடுவதற்குக் காரணம், பதமாக்கல் நடந்தது என்பதற்கு அது கண்ணெதிர்ச் சாட்சியாக இருப்பதே. இந்தியப் பருவமழையின் லாயங்களிலே தொடங்கிய ஆராய்ச்சி, கொதிகலன் குழாய் முதல் நீர்க்குழாய்த் திருகு வரை உலகின் பித்தளைப் பொருள்கள் அனைத்துக்கும் பயன்பட்டது.

தோட்டா வழக்கொழிவது எங்ஙனம் என்பதை இனிக் காண்போம். சிறந்தது வந்து பழையதைத் தள்ளுவது ஒரு வழி. சட்டம் வந்து தள்ளுவது மற்றொரு வழி. அதற்கும் இந்தியாவே சான்று. மார்ட்டினியின் 0.450 அங்குலத் தோட்டாக்கள் களவுபோய்க் கிளர்ச்சியாளர் கையில் சேரும் என்று அஞ்சி, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலே அந்த அளவினதான வேட்டைத் துப்பாக்கிகளையும் இந்தியாவுக்குள் கொண்டுவர ஆங்கில அரசு தடை விதித்தது. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் அசரவில்லை. 465, 470 முதலான புதிய அளவுகளை வகுத்து அத்தடையைத் தாண்டினர். யானை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் பேர்பெற்ற அந்தத் தோட்டாக்கள் பிறந்தமைக்கு இந்தியச் சட்டமே பெருங்காரணம். அவ்வாறே 303 படைத்துறை அளவாதலால் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. வேட்டைக்காரருக்கென 315 என்னும் தோட்டா வந்தது. அஃது உண்மையில் ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவே. 1930களில் ஆஸ்திரியா வேறு தோட்டாவுக்கு மாறியது. பிறந்த நாட்டுப் படையில் அது மறைந்தது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளோ அதற்கான துப்பாக்கியையும் தோட்டாவையும் சுதந்திரத்துக்குப் பின்னும் செய்து வந்தன. ஓரிடத்தில் இறந்தது மற்றோரிடத்தில் வாழ்வது மொழிக்கும் மக்களுக்கும் மட்டும் உரியதன்று போலும்!

எல்லாத் தோட்டாவுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. தொழிற்சாலை நின்றுவிட்டால் துப்பாக்கி எத்தனை சீராக இருப்பினும் ஊமையாகிவிடும். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போரிடத்தும் ஸ்னைடரும் மார்ட்டினியும் இருக்கின்றன. அவற்றின் கூடுகள் கடைகளில் இருந்து மறைந்த காலமும் உண்டு. அந்நிலையில் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில், உரிமம் பெற்ற ஆர்வலர் சிலர் இன்று கிடைக்கும் வேறொரு கூட்டைத் தாய்க்கூடாகக் கொண்டு பழைய கூட்டை உருவாக்கக் கற்றனர். ஸ்னைடர் தோட்டாவுக்கும் மார்ட்டினித் தோட்டாவுக்கும் அவர்கள் தேர்ந்தது, பறவை வேட்டைக்குரிய 24ஆம் எண் பித்தளைக் கூடு. இதற்கொரு கணக்கு உண்டு. ஒரு ராத்தல் ஈயத்தை 24 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் 0.579 அங்குலம் வரும். என்ஃபீல்டின் 0.577 அங்குலக் குழலும் அதுவும் ஏறத்தாழ ஒன்றே. எங்கோ பறவை சுடுவோருக்காகச் செய்யும் கூடு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய படைத்துப்பாக்கிக்குப் பொருந்துவது இதனால்தான். அவ்வாறே 8 மில்லிமீட்டர் மான்லிக்கருக்கு, 1891ஆம் ஆண்டில் தோன்றி இன்றும் செய்யப்பட்டு வரும் ரஷ்யத் தோட்டாவின் கூடு தாயாகிறது.

உருவாக்கும் முறை எளியதாகத் தோன்றும். பொறுமையோ பெரிதும் வேண்டும். தாய்க்கூட்டின் அடிவிட்டமும் விளிம்பும் பழைய துப்பாக்கிக்குப் பொருந்துகின்றனவா என்று முதலில் அளக்க வேண்டும். அடியைத் திருத்துவது அரிது. கழுத்தைத் திருத்துவது எளிது. பின்னர் நீளத்தை அறுத்துச் சரிசெய்வர். கூட்டின் அடி நீரில் மூழ்கி நிற்க, மேற்பகுதியை மட்டும் தீயில் காட்டிப் பதமாக்குவர். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் இறுகும். பித்தளையோ தோய்த்தாலும் குழைந்தே இருக்கும். நீர் இங்கே இருப்பது அடிப்பகுதி சூடேறித் தன் கெட்டியை இழந்துவிடாமல் காப்பதற்காக. அதன்பின் ஒரே அழுத்தில் அல்லாமல், படிப்படியாகச் சிறுத்துவரும் அச்சுகளில் கழுத்தை ஒடுக்குவர். அவசரப்பட்டால் தோள் மடிந்து சுருக்கம் விழும். இறுதியாக, குறைந்த மருந்திட்ட முதல் வெடியில், கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்குள்ளேயே விரிந்து தன் முழு வடிவத்தை அடைகிறது. ஆகவே அந்தக் கூடு அந்தத் துப்பாக்கிக்கே உரியதாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பதம் தவறினால் விளைவு கண்ணையோ கையையோ கேட்கும். வடிவம் பொருந்துவது மட்டும் போதாது. கரிமருந்துக்காகச் செய்த பழைய இரும்பு இன்றைய மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. இக்கலையில் தேர்ந்தோர் முதலில் கற்பிப்பது இந்த அச்சத்தையே. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி, தோட்டா செய்தலும் அதற்கான உறுப்புகள் செய்தலும் உரிமம் இன்றிக் கூடாதவை. ஆதலின் இக்கலை இங்கே அறிவாக மட்டும் அறியத்தக்கது.

இந்த வரலாறு நம் காலத்திலேயே மேலும் ஓர் ஏடு புரண்டது. இழுத்துச் செய்த பித்தளைக் கூட்டோடு 1888இல் தொடங்கிய 303, இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாயின் தோளில் சென்றது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது நம் காலாட்படையின் கையில் இருந்தது பெரும்பாலும் அதுவே. படையிலிருந்து அது விலகிய பின்னரும் காவல்துறையில் தொடர்ந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தாக்குதல் நடந்தபோது, தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்ற காவலர் கையிலும் 303 இருந்தது. காலம் கடந்த கருவியை ஏந்தி நிற்க வேண்டியவன் யார், அதற்கு விலை கொடுப்பவன் யார் என்ற கேள்வி, ஸ்னைடரை ஏந்திய பழைய இந்தியச் சிப்பாயின் காலந்தொட்டு வருவது. 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் உத்தரப் பிரதேசக் காவல்துறை 303 துப்பாக்கிக்கு விடைகொடுத்தது. நூற்றாண்டைக் கடந்த பணி அங்கே முடிவுற்றது.

ஆலைகளும் மாறின. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கூடு செய்யும் கட்கியும் மருந்து செய்யும் அருவங்காடும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பழைய உறவுதான், பெயர்ப்பலகை புதிது.

ஒரு கருவியை வகுப்பவர் பெயர் நூலில் நிற்கிறது. ஏந்துபவர் பெயர் சில வேளைகளில் கல்வெட்டில் நிற்கிறது. அதன் பித்தளையை இழுத்தவர், காய்ச்சியவர், கழுத்தில் நீல நிழல் படியும்வரை தீயின் முன் நின்றவர் பெயரோ எங்கும் நிற்பதில்லை. அவர் கைப்பதம் ஒருநாள் தவறியிருந்தால், ஆயிரம் கல் தொலைவில் முன்பின் அறியாத ஒருவன் தன் துப்பாக்கி ஊமையாகக் கண்டு திகைத்திருப்பான். அல்லது கையோடு வெடித்து வீழ்ந்திருப்பான். மீரத்துச் சிப்பாய் தோட்டாவைத் தொட மறுத்தது செய்தவர் மேல் நம்பிக்கை இல்லாததால். அவனுக்குப் பின்வந்த இலட்சக்கணக்கானோர் பித்தளைக் கூட்டைக் கேள்வியின்றிக் கையிலெடுத்தது, அந்த முகமறியாத் தொழிலாளர் தம் வேலையைச் செம்மையாகச் செய்ததால். வெறுங்கூடு என்று நாம் தள்ளும் பொருளில் அந்த நம்பிக்கை உறைந்திருக்கிறது.